பேனா அக்காவும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேரும்

அன்று காலை பேனா அக்காவின் கையில் வெள்ளைக் கையுறையைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது.

"என்னக்கா இது, யாருக்காவது ஆபரேஷனா?" என்று கேட்டேன்.

"புது செயலாளர் உத்தரவுடி. டிவிக்காரங்க வருவாங்களாம். கையெல்லாம் மையா இருந்தா படத்துல அசிங்கமா தெரியுமாம்."

எங்கள் சட்டசபையின் செயலாளர் பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் சுவரின் நிறத்தை மாற்றினார், காவலாளிகளின் தொப்பியை மாற்றினார், கேன்டீன் டம்ளரைக்கூட மாற்றினார். மாற்றுவதற்கு வேறெதுவும் மிச்சமில்லாமல் அக்காவின் கைக்கு வந்துவிட்டார்.

அன்றைக்கு ஜனாதிபதி தேர்தல். ஜனங்கள் வரிசையில் நின்று ஓட்டுப் போடும் தேர்தல் இல்லை அது. ஜனங்களுக்குப் பதிலாக ஒவ்வொரு மாகாணத்திலும் சட்டசபை உறுப்பினர்கள் தங்கள் சபையிலேயே ஓட்டுப் போடுவார்கள். பெட்டி பூட்டப்பட்டு தலைநகருக்குப் போகும். அந்த ஓட்டுக்கென்று தனியாக ஒரு பேனா உண்டு. ஊதா மை. தலைநகரிலிருந்தே வரும். எல்லோரும் ஒரே மையில் குறித்தால் எந்தச் சீட்டு யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது என்பது ஏற்பாடு. வேறு எந்தப் பேனாவால் குறித்தாலும், எந்தப் பெரிய மனிதர் குறித்தாலும், சீட்டு செல்லாது.

அதனால் வாசலிலேயே உறுப்பினர்களின் பேனாக்களை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போகும்போது ஊதா மைப் பேனாவைக் கொடுக்க வேண்டும். வெளியே வரும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு அவரவர் பேனாவை அவரவரிடம் கொடுக்க வேண்டும். கேட்டால் சின்ன வேலை போலத்தான் இருக்கும். ஆனால் பெரிய மனிதர்களின் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவுவது பூனையின் வாயிலிருந்து மீனை எடுப்பது மாதிரி. கடன் கொடுக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். மற்ற நாட்களில் உறுப்பினர்கள் ஓய்வறையில் மேசை துடைத்து, தண்ணீர் வைத்து, பேப்பர் அடுக்கும் அக்காவுக்கு இந்த வேலை மட்டும்தான் பட்டப் பெயர் வாங்கிக் கொடுத்தது. இருபது வருடமாக ஒவ்வொரு ஜனாதிபதி தேர்தலிலும் பேனா மேசை அவருடையதுதான்.

அக்கா வேலை செய்கிற விதம் எனக்கு மனப்பாடம். ஊதா மைப் பேனாவின் கழுத்தில் சிறியதாக ஒரு முத்திரை குழித்திருக்கும். கண்ணால் பார்க்க வேண்டாம், கட்டைவிரலால் தடவினாலே போதும். தடவிவிட்டு, இடது புறங்கையில் ஒரு கோடு இழுப்பார். ஊதா தெரிந்தால் பேனா உள்ளே போகும். சாயங்காலம் அவர் இடது கை நாவல்பழம் தின்ற வாய் மாதிரி இருக்கும். அந்தக் கையோடு பஸ்ஸில் போவதில் அவருக்கு ஒரு பெருமை.

இப்போது அந்தக் கையை மூடி வைத்துவிட்டார்கள்.

"தடவிப் பாக்க முடியலடி. எல்லாம் மொழுக்குனு இருக்கு. கோடு இழுக்கவும் கூடாதாம்."

"கழட்டி எறிங்க."

"அவர் அங்கயே நின்னு பாத்துக்கிட்டு இருக்காரு."

உண்மைதான். செயலாளர் சபையின் நடுவில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு எங்களையே பார்த்தார். அவருக்கும் காரணம் இருந்தது. போன தேர்தலில் எங்கள் மாகாணத்துச் சீட்டுகள் சில செல்லாமல் போய், சட்டம் போடுகிறவர்களுக்கே ஓட்டுப் போடத் தெரியவில்லை என்று பத்திரிகைகள் கிழிகிழியென்று கிழித்திருந்தன. இந்தத் தடவை ஒரே ஒரு சீட்டு செல்லாமல் போனாலும் அன்றைக்குப் பணியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகலாம் என்று முந்தைய நாள் கூட்டத்தில் மிரட்டியிருந்தார். போட்டியும் அப்படிக் கடுமை. எந்தப் பக்கம் சாயும் என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

ஒரு சீட்டு என்றால் சும்மா இல்லை. இதை நான் சொன்னால்தான் பின்னால் நடந்தது புரியும்.

எல்லா மாகாணத்து உறுப்பினரின் ஓட்டும் ஒரே எடை கிடையாது. மாகாணத்தின் ஜனத்தொகையை எடுத்து, அதை சபையின் உறுப்பினர் எண்ணிக்கையால் வகுப்பார்கள். ஒரு உறுப்பினருக்கு எத்தனை ஜனம் என்று வரும். அதில் ஆயிரம் பேருக்கு ஒன்று என்று அவருடைய சீட்டின் மதிப்பு. எங்கள் மாகாணத்தில் அது நூற்று அறுபது. மேற்கே இருக்கும் மலை மாகாணத்தில் ஜனமும் குறைவு, அங்கே பதினொன்று. அக்காவின் நாத்தனார் அந்த மலை மாகாணத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் வரும்போதெல்லாம் அக்காவின் கணவர், "உங்க ஊர்ல பதினஞ்சு பேர் மூச்சு வாங்கப் போடுறதை எங்க ஊர்ல ஒருத்தர் தூங்கிக்கிட்டே போட்டுடுவார்" என்று சீண்டுவார். நாத்தனார் விடமாட்டார். "எங்க பதினொண்ணும் இல்லாமத்தான் போன தடவை உங்க ஆளு மண்ணைக் கவ்வினாரு" என்பார்.

இதில் இன்னொரு விஷயம். அந்த ஜனத்தொகை இன்றைய ஜனத்தொகை இல்லை. ஐம்பது வருடத்துக்கு முந்தைய கணக்கு. அளவாகப் பிள்ளை பெறுங்கள் என்று அரசாங்கமே சொன்னது; சில மாகாணங்கள் கேட்டன, சில மாகாணங்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சொன்னதைக் கேட்ட மாகாணத்தின் ஓட்டு எடை குறைந்துவிட்டால் அது என்ன நியாயம் என்று பழைய கணக்கிலேயே எல்லாவற்றையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை பேர் பிறந்தாலும் சரி, செத்தாலும் சரி, ஓட்டின் எடை மாறாது.

சில தேர்தல்களுக்கு முன்பு, வேலைக்குப் புதிதாக வந்த நான் இதை எனக்குப் புரிந்த மாதிரி அக்காவுக்குக் கேன்டீனில் வைத்து விளக்கினேன். அக்கா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். கடைசியில், "அப்ப நான் அதுல இல்ல" என்றார்.

"நீங்க எந்த வருஷம்?"

"அந்தக் கணக்கு எடுத்ததுக்கு அடுத்த வருஷம்."

"நானும்தான் இல்ல. விடுங்க."

"ஆனா எங்க அண்ணன் இருக்கான்" என்றார்.

அக்காவுக்கு அண்ணன் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். இருப்பது என்று சொல்லக் கூடாது. கணக்கெடுக்க ஆள் வந்தபோது அவனுக்கு நாலு வயது. வந்தவர் கதவடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அப்பா, அம்மா என்று எழுதிக்கொண்டு வந்தாராம். இவன் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "என்னை எழுதிட்டீங்களா, என்னை எழுதிட்டீங்களா?" என்று தொணதொணத்தானாம். அவர் சிரித்து, "எழுதிட்டேன் துரை. நீ இல்லாம கணக்கு சரியா வருமா?" என்றாராம். அன்று முழுக்க தெருவில் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தானாம். அந்த வருட மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டான். அக்கா அப்போது அம்மாவின் வயிற்றில். அவனை அவர் பார்த்ததே இல்லை.

போட்டோ கிடையாது. வீட்டில் பிறந்தவன், பள்ளிக்கூடமும் சேரவில்லை. "அவனை எழுதினது அந்த ஒரு தடவைதான்" என்றார் அக்கா.

அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அது முதல் அந்த அம்மாவுக்கு ஜனாதிபதி தேர்தல் என்றால் உயிர். எந்தக் கட்சி, எந்த ஆள், எதுவும் தெரியாது. ஓட்டு எண்ணுகிற அன்று டிவி முன்னால் உட்கார்ந்தால் எங்கள் மாகாணத்துப் பெட்டியைத் திறந்து எண்ணி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டாராம். "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று கேட்பாராம். ஒரு சீட்டு என்பது ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர். அவர் மகன் எந்தச் சீட்டில் இருக்கிறான் என்று எந்தக் கடவுளுக்கும் தெரியாது. போன தேர்தலில் சில சீட்டுகள் செல்லவில்லை என்று டிவியில் சொன்னபோது அந்த அம்மா அன்றிரவு சாப்பிடவில்லை. அக்கா இதை என்னிடம் சொன்னபோது நான் சிரிக்கவில்லை. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

தேர்தல் அன்று காலை, பஸ் ஓட்டும் அக்காவின் கணவர் வேலைக்குக் கிளம்பும்போது, "உங்க சபையில நாலு ஆளுங்கட்சிக்காரங்க தப்பாக் குறிச்சா எங்க ஆளு ஜெயிச்ச மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அவர் எதிர்க்கட்சித் தொழிற்சங்கத்தில் பெரிய கை. அம்மாதான் உள்ளேயிருந்து, "ஒருத்தர்கூட தப்பாப் போடக் கூடாது, பாத்துக்கோ" என்றாராம்.

இந்தச் சுமையோடுதான் அக்கா அந்தக் கையுறைக் கையோடு நின்றார்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகவே போனது. நான் பெயரைச் சரிபார்த்து அனுப்ப, அக்கா பேனாவை வாங்கி, பெயர்த் துண்டு ஒட்டி, தட்டில் வைத்து, ஊதா மைப் பேனாவை நீட்டினார். கையுறையில் புள்ளி புள்ளியாக ஊதா படர ஆரம்பித்தது. செயலாளர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். மாற்றுக் கையுறை வாங்கி வைக்க அந்த மகானுக்குத் தோன்றவில்லை.

பிறகு ஆளுங்கட்சிக்காரர்கள் கும்பலாக வந்தார்கள். எங்கோ கூட்டம் போட்டுவிட்டு ஒரே நேரத்தில் கிளம்பியிருக்கிறார்கள். வாசலில் நெரிசல். ஏழெட்டுக் கைகள் ஒரே சமயத்தில் பேனாவை நீட்டின, பெயர்த் துண்டு ஒட்டக்கூட நேரமில்லை. அந்தக் கும்பலில் சிக்கனம் என்று நாங்கள் கூப்பிடும் வயதான உறுப்பினரும் இருந்தார். நாலு தடவை ஜெயித்தவர். பெட்டிக்கடையில் வாங்கிய கறுப்புப் பேனாவைத்தான் வைத்திருப்பார், அதுவும் நீல மை ஒழுகும். ஊதா மைப் பேனாவும் அதே கறுப்பு, அதே உயரம். அவர் குறித்தார், பெட்டியில் போட்டார், பேனாவைத் திருப்பிக் கொடுத்தார், தன்னுடையதை வாங்கிக்கொண்டு கேன்டீன் பக்கம் போனார்.

அவருக்கு அடுத்தவர் லவுட்ஸ்பீக்கர். சபையில் மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை கேட்கும் குரல். போன வருடம் அவருடைய தங்க மூடிப் பேனா காணவில்லை என்று ஓய்வறையில் அக்காவை எல்லோர் முன்னாலும் திருடி என்று சொன்னவர். பேனா அவர் காரிலேயே கிடந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை அவர் படித்த பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. அக்கா அவரிடமும் பேனாவை வாங்கிக்கொண்டு, தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவர் சீட்டோடு ஓட்டுப் போடும் மறைப்புக்குள் போனார்.

நெரிசல் கொஞ்சம் தணிந்தது. அக்கா கையை உயர்த்தி நெற்றியைத் துடைக்கப் போனார். அப்படியே நின்றுவிட்டார்.

கையுறையின் விரல் நுனியில் ஒரு சொட்டு நீலம்.

மற்றதெல்லாம் ஊதா. அது மட்டும் நீலம், ஈரமாக. அக்காவின் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

"மாறிப்போச்சுடி" என்றார், உதடு அசையாமல். "சிக்கனம் ஐயா பேனா உள்ள போயிடுச்சு. முத்திரைப் பேனாவை அவர்கிட்ட குடுத்துட்டேன்."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் வாய் ஓடியது. "பேசாம இருங்க. வெளிய வந்ததும் பேனாவை வாங்கி உள்ள போடுங்க. யாருக்குத் தெரியும்? அந்த ஆளு ஓட்டு போனா போகட்டும், பீடை ஒழிஞ்சுது" என்றேன். இதற்காக நான் வருத்தப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். திருடி என்று சொன்னது என் காதிலும் விழுந்திருந்தது. அதுவும் இல்லாமல், தப்பு வெளியே வந்தால் போவது அக்காவின் வேலை. ஓய்வு பெற அவருக்கு இன்னும் சில வருடங்கள்தான் இருந்தன.

அக்கா என்னைப் பார்க்கவே இல்லை. செயலாளர் பக்கம் திரும்பி, "சார்" என்றார். செயலாளர் டிவிக்காரர் முன்னால் நின்று, ஏற்பாடுகள் எவ்வளவு கச்சிதமாக நடக்கின்றன என்று பேசிக்கொண்டிருந்தார். "சார், சார்" என்றார் மறுபடியும். அவர் திரும்பாமலே உள்ளங்கையைக் காட்டினார். பொறு என்று அர்த்தம்.

மறைப்பின் திரை அசைந்தது.

லவுட்ஸ்பீக்கர் சீட்டை நான்காக மடித்துக்கொண்டே வெளியே வந்தார். மறைப்புக்கும் பெட்டிக்கும் நடுவே பத்தடிகூட இருக்காது. அந்தப் பத்தடியில் ஓட்டுப் போடுகிறவரிடம் செயலாளரைத் தவிர வேறு யாரும் பேசக் கூடாது. பெட்டியை யாரும் தொடவே கூடாது, தொட்டால் குற்றம். இரண்டு கட்சி ஏஜென்ட்களும் பெட்டிக்கு இரு பக்கமும் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் நிதானமாக நடந்தார். டிவி கேமரா இருக்கிற திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இல்லாத தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தார்.

அக்கா கையுறையை உருவிப் போட்டார். மேசையைச் சுற்றிக்கொண்டு போக நேரமில்லை. மேசையை இடித்துத் தள்ளிக்கொண்டு போனார். பேனாத் தட்டு கவிழ்ந்து தரையெல்லாம் பேனா. லவுட்ஸ்பீக்கரின் கை பெட்டிக்கு வருவதற்கும் அக்காவின் உள்ளங்கை பெட்டியின் வாயை மூடுவதற்கும் சரியாக இருந்தது.

சபை பேயறைந்த மாதிரி ஆனது. பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும் கத்தினார்கள்.

"கையை எடும்மா! யார்கிட்ட வச்சுக்கிறேன்னு தெரியுமா?" என்று லவுட்ஸ்பீக்கர் போட்ட சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"எடுக்க மாட்டேன் ஐயா. பேனா மாறிப்போச்சு. என் தப்புதான். நீங்க போட்டா செல்லாது."

"ஓட்டைத் தடுக்கிறா! ஒரு உறுப்பினரோட ஓட்டைத் தடுக்கிறா! யாரு உன்னை அனுப்பினது? உன் புருஷன் எந்தக் கட்சின்னு எனக்குத் தெரியாதா?"

செல்லாது என்ற வார்த்தை எதிர்க்கட்சி ஏஜென்ட்டின் காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எழுந்து நின்று, "மடிச்சு வெளிய எடுத்துட்டு வந்தாச்சு. இனி போட்டுத்தான் ஆகணும். அந்தம்மா கையை எடுக்கச் சொல்லுங்க" என்றார். அக்காவின் கணவரோடு ஒரே மேடையில் உட்காருகிறவர் அவர். குனிந்து, தணிந்த குரலில், "என்னம்மா நீ, நம்ம வீட்டுப் பொண்ணு, பேசாம கையை எடு" என்றார்.

அக்கா கையை எடுக்கவில்லை.

செயலாளர் ஓடி வந்தார். காகிதம் மாதிரி வெளுத்திருந்தார். "பெட்டியைத் தொட்டுட்டீங்களே! கையை எடுங்க. எடுங்கன்னு சொல்றேன்ல? போலீஸைக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க சார். அவர் சீட்டைப் போட மாட்டேன்னு சொல்லட்டும், எடுத்துடறேன்."

வாசலில் நின்ற பெண் போலீஸ் இரண்டடி எடுத்து வைத்து, யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார். லவுட்ஸ்பீக்கர் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கப் பார்த்தார். அக்கா இடது கையால் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பெட்டி நகர்ந்தது. அதன் மேல் ஒட்டியிருந்த அரக்கு முத்திரையில் ஒரு கீறல் விழுந்தாலும் எங்கள் மாகாணத்துப் பெட்டி முழுவதும் போய்விடும், ஒருவர் மிச்சமில்லாமல். என்னை அறியாமல், "பெட்டி! பெட்டி!" என்று கத்தினேன்.

அப்போதுதான் தலைநகரிலிருந்து பார்வையாளராக வந்திருந்த ஒல்லியான அம்மா எழுந்தார். காலையிலிருந்து ஒரு மூலையில் ஃபிளாஸ்க் வெந்நீரைக் குடித்துக்கொண்டு வாயே திறக்காமல் இருந்தவர். "ஐயா, அவங்க கையை விடுங்க. பெட்டியிலிருந்து ஒரு அடி தள்ளி நில்லுங்க" என்றார். குரல் உயரவில்லை. லவுட்ஸ்பீக்கர் தள்ளி நின்றார். "சீட்டு இன்னும் பெட்டிக்குள்ள விழல. விழுற வரைக்கும் கெட்டுப்போன சீட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு வேற வாங்கிக்கலாம். விதி அப்படித்தான். கெட்டுப்போச்சா இல்லையான்னு மட்டும் பார்ப்போம்."

"அப்ப பிரிச்சுக் காட்டுங்க" என்றார் எதிர்க்கட்சி ஏஜென்ட்.

"சீட்டை யாரும் பிரிக்கக் கூடாது. பேனாவைக் கொடுங்க."

லவுட்ஸ்பீக்கர் கையிலிருந்த கறுப்புப் பேனாவை வாங்கி, பார்வையாளர் வெள்ளைத் தாளில் ஒரு கோடு இழுத்தார். நீலம். கேன்டீனுக்கு ஒரு ஆள் போய்ச் சிக்கனத்தைக் கூட்டி வந்தார். வாயில் மென்றதை முழுங்கிக்கொண்டே வந்தவர் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கொடுத்தார். கழுத்தில் முத்திரை. கோடு ஊதா. "நானும் பாத்தேன், என்னடா இது ஒழுகலையேன்னு" என்றார் அவர்.

பழைய சீட்டைப் பிரிக்காமல் உறையில் போட்டு ஒட்டினார்கள். லவுட்ஸ்பீக்கருக்குப் புதுச் சீட்டு கொடுத்தார்கள். அக்கா அப்போதும் கையை எடுக்கவில்லை. அவர் மறைப்புக்குள் போய்த் திரை மூடிய பிறகுதான் எடுத்தார். உள்ளங்கையில் பெட்டி வாயின் தடம் சிவப்பாகக் கோடு போட்டிருந்தது. திரும்பி வந்து ஓட்டைப் போட்ட லவுட்ஸ்பீக்கர் நேராக அக்காவிடம் வந்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று ஒரு கணம் நான் ஏமாந்தேன்.

"என் பேனா எங்க?" என்றார்.

அக்கா தரையில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்ததில் தங்க மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கையோடு அக்காவைச் சபையை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். ஓட்டுப்பெட்டியைத் தொட்டதற்காகத் தற்காலிகப் பணிநீக்கம். கையுறை உத்தரவைப் பற்றி யாரும் பேச்சே எடுக்கவில்லை. நான் எடுத்தேன், "உங்க வேலையைப் பாருங்க" என்றார்கள்.

வீட்டிலும் அக்காவுக்கு நிம்மதி இல்லை. சங்கத்து ஆட்கள் கணவரைக் கேலி செய்தே கொன்றார்கள். அவர் அந்த வாரம் முழுக்க மனைவியிடம் பேசாமல், சட்டையை இஸ்திரி போட வேண்டுமென்றால்கூட மாமியார் மூலம் சொல்லி அனுப்பினாராம். எண்ணிக்கை நாளில் பார்த்தால் எல்லோரும் பயந்த மாதிரி நெருக்கமான போட்டியாகவே இல்லை. ஜெயித்தவர் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். ஒரு சீட்டு இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். ஆனால் எங்கள் மாகாணத்தின் கணக்கைச் சொல்லும்போது, செல்லாத ஓட்டு எதுவும் இல்லை என்று டிவியில் சொன்னார்கள். "எல்லாரும் வந்துட்டாங்களா?" என்று அம்மா கேட்டாராம். "எல்லாரும் வந்துட்டாங்கம்மா" என்றாராம் அக்கா. அம்மா அன்று இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாராம்.

விசாரணைக்கு நானும் சாட்சியாகப் போனேன். மூன்று அதிகாரிகள். "ஏன் பெட்டியைத் தொட்டீங்க? கத்தியிருக்கலாமே?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

"அவர் குரலுக்கு முன்னாடி என் குரல் எடுபடுமா சார்?" என்றார் அக்கா.

ஓரத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நடுவில் இருந்தவர் விடவில்லை. "அவர் ஓட்டு செல்லாமப் போனா உங்களுக்கு என்ன நஷ்டம்? உங்க வீட்டுக்காரருக்கு லாபம்தானே?"

அக்கா யோசித்தார். "அதுல எங்க அண்ணன் இருந்திருந்தா?" என்றார்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுதுகிறவர் பேனாவை நிறுத்தினார். எழுத வேண்டாம் என்று கை காட்டினார்கள். வேலை தப்பியது. பேனா மேசை போய்விட்டது. சாமான் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே நாற்காலிகளையும் விளக்குமாறுகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றரை வருடம் கழித்து அந்தச் செய்தி வந்தது. எத்தனை காலத்துக்குத்தான் பழைய கணக்கு, இன்றைக்கு இருக்கிற ஜனங்களை வைத்து ஓட்டின் எடையைப் போட வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்துவிட்டார்கள். எங்கள் மாகாணத்துச் சீட்டின் மதிப்பு குறையும் என்று இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து கூச்சல் போட்டார்கள். எனக்கு வேறு ஒன்றுதான் மனதில் ஓடியது. கிடங்குக்கு ஓடினேன். அக்கா உடைந்த நாற்காலிகளைத் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இனிமே நீங்களும் கணக்குல வரப்போறீங்க! நானும் வரப்போறேன்!"

அக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப பழைய கணக்கு?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் அவசரப் புத்தியை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நான் உள்ள வரணும்னா அவன் வெளிய போகணுமா?" என்றார் அக்கா.

நான் ஏதேதோ சொன்னேன். உயிரோடு இருப்பவர்களுக்குத்தானே ஓட்டு, அதுதானே நியாயம் என்றுகூடச் சொன்னேன். நியாயம்தான். அக்காவும் தலையை ஆட்டினார். "எனக்குப் புரியுதுடி. நியாயமில்லன்னு நான் சொல்லல. அம்மாகிட்ட மட்டும் வாயைத் திறந்துடாத" என்றார்.

அன்று மாலை அவரோடு வீட்டுக்குப் போனேன். தனியாக விட மனம் வரவில்லை. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவுக்குக் காது மந்தம். படத்தைப் பார்த்தே பாதி புரிந்துகொள்வார். திரையில் மாகாணங்களின் வரைபடமும் எண்களும் வந்து வந்து போயின. கணவர் எழுந்து டிவியை அணைக்கப் போனார். அவரும் அந்த நேரத்தில் அதைத்தான் நினைத்திருக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியம். அம்மா கையைத் தூக்கி அவரைத் தடுத்தார்.

"ஓட்டுக் கணக்கு பத்தித்தானே சொல்றாங்க? ஏதோ மாத்துறாங்களா?" என்று அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"ஆமாம்மா. புதுசா ஆளுங்களைச் சேக்கறாங்க. என்னையும் சேக்கறாங்களாம்."

அம்மாவின் முகம் விரிந்தது. "உன்னையுமா? நல்லதுதான். இத்தனை நாளு அவன் தனியாவே இருந்தான்" என்றார். பிறகு கொஞ்சம் சந்தேகத்தோடு அக்காவின் கையைப் பிடித்தார். "அவன் இருக்கான்ல?"

நானும் கணவரும் தரையைப் பார்த்தோம்.

"இருக்கான்மா" என்றார் அக்கா, அம்மாவின் காதருகே குனிந்து, சத்தமாக. "அவன் இல்லாம கணக்கு சரியா வருமா?"

அம்மா அக்காவின் கையை விடாமல், திரையில் ஓடும் எண்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.